என் படத்தை நம்பி வாங்கிய சக்கரங்கள்

1

என் தம்பியின் கடையை மூட வைத்தவள் நான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மறுக்கவில்லை. மூட வைத்தேன். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தம்பி முன்னுக்கு வருவதைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். கனடா போனதும் தலைகால் புரியவில்லையாம். பெரியப்பா ஒருபடி மேலே போய், குளிர் மூளைக்குள் இறங்கியிருக்கும் என்றாராம். இதையெல்லாம் ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்ல நாலைந்து பேர் இருக்கிறார்கள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்க ஒருவர்கூட இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வந்த ஒரு ஆள்தான் என்னை எழுத உட்கார வைத்தார். எட்மன்டனில் எங்கள் வீட்டுக் கராஜில் நானும் என் வீட்டுக்காரரும் பழைய அலாய் வீல்களைப் புதுப்பித்துக் கொடுக்கிறோம். இங்கே வீட்டுக்கு வீடு பிக்கப் வண்டி. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு ஏறி, பெயின்ட் கொப்பளித்து, உரிந்து, வசந்தம் வரும்போது ஒவ்வொரு வீலும் சொறி பிடித்த மாதிரி இருக்கும். பழைய பெயின்ட்டை எடுத்து, விரிசல் பார்த்து, மணல் அடித்து, பவுடர் கோட்டிங் கொடுத்து சூட்டில் வைத்து எடுத்தால் புதுசு மாதிரி ஆகிவிடும். இதுதான் எங்கள் பிழைப்பு.

நேற்று வந்தவருடைய வீல் ஒன்றில் உள்பக்க விளிம்பில் விரிசல் இருந்தது. இது வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்துக் கொடுங்கள், எப்படியும் அடுத்த வாரம் வண்டியை விற்கப்போகிறேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. நான் பேசிய பேச்சில் அவர் வீல்களை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மூலையில் ஒரு வீலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி போன பிறகு, "நீ திட்டுனது அந்தாளை இல்ல. செந்திலை," என்றார்.

செந்தில் என் தம்பி.

2

கனடா வருவதற்கு முன் கோயம்புத்தூரில், கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வார்த்து எடுத்த இரும்பிலும் அலுமினியத்திலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அதற்கு டப்பாவில் விற்கும் சிவப்புச் சாயமும் வெள்ளைப் பவுடரும் உண்டு. அது தீர்ந்துபோன நாட்களில் மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும். மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்தால் போதும். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளையின் மேல் ஈரக் கோடாக வெளியே வரும். அந்தக் கோடு வந்துவிட்டால் யார் வந்து சொன்னாலும் அந்த ஜாப் வெளியே போகாது.

ஜாப் என்றால் எங்களுக்கு வேலை செய்யும் பொருள். கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் கேட்டாலும் அப்படித்தான். இங்கே முதல் நேர்முகத் தேர்வில், ஊரில் தினமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். தினமும் நிறைய ஜாப்களை ரிஜெக்ட் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். கேட்ட பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு வேலைகளை வேண்டாம் என்று சொன்னவர் இந்த வேலைக்கு எதற்கு வந்தீர்கள் என்றாள். எனக்குப் புரியவே இல்லை. பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் புரிந்தது. இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது. அன்று அழுதேன்.

என் டிப்ளமோ இங்கே செல்லாது என்றார்கள். பாலிடெக்னிக்கிலிருந்து முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் வேண்டும் என்றார்கள். பாலிடெக்னிக்கில் கேட்டால், நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் உறை வந்து சேர்ந்தபோது, அதெல்லாம் சரி, கனடிய அனுபவம் இல்லையே என்றார்கள். இங்கே வேலை பார்த்தால்தான் அந்த அனுபவம் வரும், அந்த அனுபவம் இருந்தால்தான் வேலை. அலுமினியம் எந்த ஊரில் விரிசல் விட்டாலும் ஒரே மாதிரிதான் விடும் என்று சொல்லத் தோன்றியது. சொல்லுமளவு ஆங்கிலம் அப்போது வாயில் வரவில்லை. பேக்கரியில் தட்டுக் கழுவிக்கொண்டே மறுபடி படித்து, மறுபடி பரீட்சை எழுதி, தெரிந்த வேலையையே தெரியும் என்று நிரூபித்து சர்டிபிகேட் வாங்கினேன். கராஜ் அதற்கெல்லாம் பிறகு வந்தது.

செந்தில் காந்திபுரத்தில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். அது படுத்துவிட்டது. எங்கள் கராஜ் படங்களைப் பார்த்துவிட்டு, இதை எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் காலை, அவனுக்குச் சாயங்காலம். வீடியோவில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். எதைச் சரிசெய்யலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைத்தான் அதிகம் சொன்னேன். பெயின்ட் அடிப்பது எப்படி என்பதை மட்டும் அவன் எழுதிக்கொண்டான் போலிருக்கிறது.

3

இந்த வருடம் ஆடி மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். மகள் இனியாவுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மூன்று வாரம் நண்பர்களைப் பிரிந்து வருவது அவளுக்குத் தண்டனை. விமானத்தில் ஏறியதிலிருந்து காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. இந்தப் பெண் என்னுடையவள்தானா என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. அவளும் அப்படி நினைத்திருப்பாள்.

செந்தில் விமான நிலையத்திலிருந்து நேராக, புதிதாகத் தொடங்கியிருந்த வீல் கடைக்குத்தான் கூட்டிப் போனான். சத்தி ரோட்டில் பெரிய தகரக் கொட்டகை. வாசலில் நாலைந்து பிக்கப் வண்டிகள் நின்றன. மேலே போர்டைப் பார்த்த இனியா காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். போர்டில் நான் இருந்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கையில் ஒரு வீலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் கனடாக் கொடி. கீழே கொட்டை எழுத்தில், 'ஒவ்வொரு வீலும் கனடா அக்கா செக் செய்தது' என்று இருந்தது.

நான் எங்கடா செக் செய்தேன் என்றேன். விளம்பரம்தானுங்க்கா, நீங்க சொல்லிக் குடுத்ததுதான, எல்லாம் ஒண்ணுதான் என்றான். மாலை போட்டான். பட்டறையில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். பயணக் களைப்பு. அந்த இடத்தில் சண்டை போட எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

4

மூன்றாம் நாள் செந்தில் பார்சல் எடுக்கக் காந்திபுரம் போயிருந்தான். நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். தோளில் ஒரு சாக்குப்பை. போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மேல படத்துல இருக்கறது நீங்கதானுங்களா?"

ஆமாங்க, உட்காருங்க என்றேன். உட்காரவில்லை. பையைக் கவிழ்த்தாள். பாதி அலாய் வீல் ஒன்று சரிந்து வந்து என் காலடியில் விழுந்தது.

அவள் பெயர் சரசு. காங்கேயம் பக்கம். கணவர் பொன்னுசாமி பிக்கப் வைத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைகளுக்குத் தேங்காய்ப் பருப்பு ஏற்றுகிறவர். தையில் இங்கே வந்து நான்கு வீல்களை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். சித்திரையில் லோடோடு போகும்போது முன்பக்க வீல் உடைந்து, வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. இதை அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். இதற்கு முன் மூன்று நான்கு முறை கடைக்கு வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் என் தம்பி ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறான். வீலை செக் செய்வது அக்கா, அவர் கனடாவில் இருக்கிறார், அவரிடம்தான் கேட்க வேண்டும். அக்கா ஊருக்கு வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லி, பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"எங்கூட்டுக்காரருக்குக் காலுக்குள்ள ராடு வெச்சிருக்குதுங்க. வேற கடைல இதவிடக் கொறச்சலாவே கெடச்சுதுங்க. உங்க போட்டோவப் பாத்துப்போட்டுத்தான் இங்க வந்தாருங்க. ஒரு பொம்பள பாத்துக் குடுக்கறாங்க, ஏமாத்த மாட்டாங்கன்னாருங்க. நீங்க பாத்தீங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லீருங்க."

வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அவள் என்னை அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

உடைந்த வீலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். புதிதாக உடைந்த இடம் வெள்ளையாக, மினுமினுவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் பெயின்ட் இறங்கியிருந்தது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மேலே மட்டும் வெல்டு வைத்து, தேய்த்து, பட்டி பூசி மறைத்திருந்தார்கள். வீலின் பின்பக்கத்தில் எவ்வளவு எடை தாங்கும் என்ற எழுத்து அச்சாகியிருந்தது. அது காருக்கான வீல். பருப்பு மூட்டை ஏற்றும் பிக்கப்புக்கு அதை மாட்டவே கூடாது.

"நான் பாக்கலீங்க," என்றேன். "இந்தக் கடைல ஒரு வீலக்கூட நான் பாத்ததில்லீங்க."

சரசு என் கையிலிருந்த வீலை வாங்கிக்கொண்டாள். பிறகு, "அப்ப எங்கூட்டுக்காரர் மேல தப்பில்லீங்களே?" என்று கேட்டாள்.

அவள் கேட்க வந்தது இதைத்தான். டிரைவர் அதிவேகமாக ஓட்டியதால் விபத்து என்று போலீசார் எழுதிவிட்டார்கள். அதைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். இருபது வருடம் வண்டி ஓட்டியவர், படுக்கையில் கிடந்துகொண்டு, நிஜமாகவே நான்தான் வேகமாகப் போனேனோ என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

5

செந்தில் திரும்பி வருவதற்குள், விற்பதற்காக அடுக்கியிருந்த வீல்களில் கைக்கு வந்த சிலவற்றை இறக்கிப் போட்டேன். மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது? ஒரு வண்டியிலிருந்து டீசல் எடுத்தேன். அதுவும் வேலை செய்யும். பெயின்ட்டைச் சுரண்டி, டீசலைத் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்தேன். பாதிக்குமேல் கோடு வந்தது.

செந்தில் வந்தான். சாக்பீஸ் தூள் படிந்த வீல்களைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த சரசுவைப் பார்த்தான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டான். நான் போகவில்லை. இங்கேயே சொல் என்றேன்.

விபத்தில் சிக்கிய கார்களின் வீல்களைப் பழைய இரும்புக் கடைகளில் எடை போட்டு வாங்குகிறானாம். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்களாம். விரிசல் விட்டதையெல்லாம் தூக்கிப் போட்டால் கடை நடத்த முடியாதாம். அதற்குப் பிறகு சொன்னான்:

"நம்மூருக்கு இது போதுங்க்கா. அங்க மாதிரி இங்க யாரு அத்தன வேகத்துல போறாங்க?"

என் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள். நம்மூருக்கு இது போதும். எவனோ வெள்ளைக்காரன் சொன்னதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் சொன்னது. கனடாவில் கவுன்டருக்குக் கவுன்டர் என்னைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் ஊர்ப் படிப்பு எங்களுக்குப் போதாது என்று அவர்கள் சொன்னார்கள். உங்கள் ஊர் உயிருக்கு இந்த மட்டமே போதும் என்று இவன் சொல்கிறான். எட்மன்டனில் ஒரு பிக்கப்காரரின் காலுக்கு இருக்கும் மதிப்பு காங்கேயத்துப் பிக்கப்காரரின் காலுக்கு இல்லை என்றால், கொடி எதற்குடா என் பின்னால் என்று கத்தினேன். சத்தி ரோட்டில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் இனியா வாயைத் திறந்தாள். மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுடைய அரைகுறைத் தமிழில் வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"மாமா, அம்மா பாக்கலை. பாத்தாங்கன்னு ஏன் எழுதினீங்க?"

அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசும் அளவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்லவும் அவனால் முடியவில்லை. உங்கள் பெண்ணை அடக்கி வையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

6

மறுநாள் சரசுவோடு விபத்து நடந்த பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனேன். உடைந்த வீலைப் பையில் எடுத்துப் போனோம். முன்னால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீ சொன்னார். நான் கறுப்பையும் வெள்ளையையும் காட்டி விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் முதலில் கேட்டது, நீங்கள் இந்தியப் பிரஜையா என்று. கனடியப் பாஸ்போர்ட் என்றேன். அப்படியென்றால் நீங்கள் எப்படி மனுக் கொடுப்பீர்கள் என்றார். மனு சரசு கொடுக்கிறாள், நான் நிபுணர் என்ற முறையில் வந்திருக்கிறேன் என்றேன். நிபுணர் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். பரீட்சை எழுதி வாங்கிய சர்டிபிகேட்டைப் போனில் எடுத்துக் காட்டினேன்.

பெரிதாக்கிப் பார்த்தார். திரும்பக் கொடுத்துவிட்டு, "இது இங்க செல்லாதுங்க மேடம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. சரசு பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்காரர் உங்களுக்கு என்ன உறவு என்று அடுத்துக் கேட்டார். உடன்பிறந்த தம்பி என்றேன். அவருக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. சொத்துத் தகராறா என்றார். வழக்கை முடித்துவிட்டோம், திருப்பித் திறக்க மேலிடத்திலிருந்து உத்தரவு வேண்டும், குடும்பப் பிரச்சினையை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள் என்று எழுந்துவிட்டார். டீ ஆறிப்போயிருந்தது. நான் குடிக்கவில்லை.

திரும்பி வந்தால் வீட்டில் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். தம்பி மனைவி கவிதா கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். நான்கு பேர் கூடி ஒரே பேச்சு. விட்டுவிடு, அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்து சமாதானம் பண்ணிக்கொள்ளலாம், கூடப்பிறந்தவனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காதே. செந்தில், படத்தை எடுத்துவிடுகிறேன், அதோடு விடுங்கள் என்றான். படத்தை எடுத்தால் போதுமா, விற்ற வீல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றனவே, எல்லாரையும் கூப்பிட்டுத் திருப்பி வாங்கு என்றேன். அவன் முடியாது என்றான். அப்படியென்றால் நான் கூப்பிடுகிறேன் என்றேன்.

இனியாதான் போனில் படம் பிடித்தாள். கடை வாசலில், போர்டுக்குக் கீழே நின்று பேசினேன். "இந்தப் படத்துல இருக்கறவ நாந்தானுங்க. இங்க வித்த ஒரு வீலையும் நான் செக் பண்ணலீங்க. வாங்குனவங்க லோடு ஏத்தாம மெதுவா வண்டிய இங்க கொண்டாங்க. நானே பாத்துச் சொல்றனுங்க." இவ்வளவுதான். அதை அவள் எங்கெங்கே போட வேண்டுமோ அங்கெல்லாம் போட்டாள். என்னோடு பேச வார்த்தை இல்லாத பெண், தலைப்பை மட்டும் தமிழில் எழுத எழுத்துக்கூட்டி என்னிடம் கேட்டாள்.

மறுநாளே வண்டிகள் வர ஆரம்பித்தன. பல்லடம், அன்னூர், பொள்ளாச்சி. தம்பி கொட்டகையைப் பூட்டிவிட்டான். பக்கத்துக் காலி இடத்தில் வண்டிக்காரர்களும் நானுமாக ஜாக்கி வைத்து வீல்களைக் கழற்றினோம். ஆடிக்காற்று சாக்பீஸ் தூளை அள்ளி முகத்தில் அடித்தது. கோடு வந்ததையெல்லாம் கட்டிங் மெஷினால் இரண்டாக அறுத்துப் போட்டேன். அறுக்காமல் விட்டால் அது வேறொரு கொட்டகையில் பெயின்ட் அடித்துக்கொண்டு மறுபடி நிற்கும். வீல் அறுபட்ட வண்டிகளுக்குப் பழைய ஸ்டீல் வீல்களை மாட்டி அனுப்பினோம். ஒருவருடைய வண்டியில் இரண்டு வீல்களில் கோடு வந்தது. பார்த்தார். நான் மெதுவாகத்தானுங்க ஓட்டுவேன், ஒன்றும் ஆகாது என்று சொல்லி, அதையே மாட்டிக்கொண்டு போய்விட்டார். குறுக்கே நின்றுகூடப் பார்த்தேன். கெஞ்சினேன். அந்த மனிதர் இப்போது எந்த ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாரோ. சில நாட்களில் செந்திலைவிட அவர்மேல் அதிகக் கோபம் வருகிறது.

கடைசி நாள் சாயங்காலம் செந்தில் அங்கே வந்தான். அறுத்துப் போட்ட குவியலுக்குப் பக்கத்தில் நின்றான். கத்தவில்லை.

"நீங்க ஏரோப்ளேன் ஏறிப் போயிருவீங்க்கா. நான் இந்த ரோட்டுலதான மூஞ்சி காட்டோணும். அது உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

தோன்றவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஊரில் இருந்துகொண்டு, நாளைக்கும் அதே மளிகைக் கடைக்குப் போக வேண்டும், அதே கல்யாணங்களுக்குப் போக வேண்டும் என்றிருந்தால் எனக்கு இந்தத் தைரியம் வந்திருக்குமா, தெரியாது. ஆனால் வந்த தைரியத்தை எதற்காக நான் அடக்கியிருக்க வேண்டும்? காலில் ராடு வைத்துக்கொண்டு படுத்திருப்பவர் எந்த ஏரோப்ளேனில் ஏறுவார்? இதை அவனிடம் கேட்டேன்.

7

நான் கிளம்புவதற்குள் சரசுவை ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். உடைந்த துண்டை அவர் மூலம், அங்கே செல்லக்கூடிய சர்டிபிகேட் உள்ள ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நான் சொன்னதையே அவர்கள் முத்திரை வைத்துச் சொன்னார்கள். வழக்கு நுகர்வோர் மன்றத்தில் இருக்கிறது. வீடியோவில் நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த்தரப்பு என் தம்பி. சொல்வேன்.

பொன்னுசாமி இப்போது ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறாராம். ஆய்வக அறிக்கையைச் சரசு அவருக்கு ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துக் காட்டியிருக்கிறாள். வேகம் காரணமில்லை என்ற இடத்தில் நிறுத்தி, அங்கே இன்னொரு தரம் படி என்றாராம். மறுபடி வண்டி எடுப்பீர்களா என்று அவரிடம் போனில் கேட்டேன். "எடுக்காமங்க? வேற என்னங்க தெரியும் எனக்கு?" என்றார்.

சொந்தக்காரர்கள் யாரும் கூப்பிடுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கவிதா ஒரு வார்த்தை அனுப்பவில்லை. இனியா மட்டும் அவ்வப்போது சாப்பிடும்போது, "சரசு ஆன்ட்டிக்கு கோர்ட் எப்போ?" என்று தமிழிலேயே கேட்கிறாள். ஆன்ட்டியும் கோர்ட்டும் தமிழ் இல்லையே என்று நான் திருத்தவில்லை.

போன வாரம் செந்தில் கூப்பிட்டான். ஆடிக்குப் பிறகு முதல் தடவை. இங்கே பனி விழுகிறதா என்று கேட்டான். விழுகிறது என்றேன். புது வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறதாம். தையில் குடி போகிறார்களாம். கூடப்பிறந்தவள் வந்து முதலில் பால் காய்ச்ச வேண்டும், அதுதான் முறை, பெரியப்பாகூட அக்காவைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டார் என்றான். எனக்கு ஒரே ஒரு தம்பிதான். கையைப் பிடித்து நடை பழக்கியவள் நான்.

"பொன்னுசாமி ஊட்டுக்குப் போனியாடா?" என்று கேட்டேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"இல்லீங்க்கா. என்ன மொகத்த வெச்சுட்டுப் போறதுங்க?"

"இருக்கற மொகத்த வெச்சுட்டுப் போ. போயிட்டு வந்து சொல்லு. வாரேன்," என்றேன். போனை வைத்துவிட்டேன்.

இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.